மாடிச் சுவரில் ஆலங்கன்று

786
மலைக்கோட்டை, திருச்சி
12-1-1963

அன்புள்ள ஜஹானாரா அக்காவுக்கு, தங்கை வஹீதாவின் ஸலாம். இங்கே அவரும் நானும் சுகம். பினாங்கில் நீயும் கனி மச்சானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பின்னால் மேஜைமேல் இருந்ததைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டிலே ஓர் ஆலமரம்! தண்டு கிழட்டு மரம் மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் உயரம் உன் சின்னவனின் முழங்கை அளவுகூட இல்லை. அது நிஜ மரமா, மெழுகில் செய்ததா?

நிஜம் என்றால் எனக்கும் சொல்லித் தா. பகலெல்லாம் மாடியில் தனியாகத்தான் இருக்கிறேன். இவருடைய அண்ணன் மௌத்தான பிறகு பாகப்பிரிவினை வழக்கு வந்ததும், வீட்டின் நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். முன்பக்கமும் மாடியும் எங்களிடம். பின்கட்டு ஓட்டு வீடு ஹாஜிரா மச்சியிடமும் அவருடைய இரண்டு பெண்களிடமும். ஒரே வீட்டுக்குள் இருக்கிற ஓர்ப்படியாளிடம் நான் பேசக்கூடாது என்பது இவர் கட்டளை.

மாடியின் பின்பக்கச் சுவர் அவர்கள் ஓட்டுக்கு நேர் மேலே உயரமாக நிற்கிறது. அதன் வெடிப்பில் ஆலங்கன்றுகள் நிறைய முளைத்திருக்கின்றன. மொட்டைமாடியிலிருந்து கை நீட்டினால் எட்டும். அதில் ஒன்றை எடுத்துத் தட்டில் வைக்கலாமா? எழுது.

உன் தங்கை
வஹீதா

பினாங்கு
29-1-1963

அன்புத் தங்கை வஹீதாவுக்கு அக்காவின் ஸலாமும் துஆவும். இங்கே யாவரும் நலம், மச்சானுக்கு முழங்கால் வலியைத் தவிர. தம்பி அப்துல் சலாமுக்கு என் ஸலாம் சொல்.

மெழுகு இல்லையடி, உயிருள்ள மரம். எங்களுடையதும் இல்லை. பக்கத்துக் கடைச் சீனத் தையற்காரருடையதைப் போட்டோவுக்காக இரவல் வாங்கி வைத்தோம். புன்சாய் என்று சொல்கிறார். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, இரண்டு கன்றைக் கொன்ற பிறகு மூன்றாவதைப் பிழைக்கவைத்திருக்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், கேள்.

சுவரில் முளைத்த ஆலங்கன்றைவிட நல்ல கன்று கிடைக்காது. பட்டினி கிடந்து பழகியது. விரல் தடிமனில் ஒன்றைப் பார்த்து, முதல் நாளே வெடிப்பில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, இழுக்காமல் ஆட்டி ஆட்டி எடு. ஆணிபோல நேராக இறங்கும் தடித்த வேரை வெட்டிவிடு. சல்லி வேர்களை மட்டும் தொடாதே. இலையில் பாதியைக் கிள்ளிவிடு. உடைந்த அகலச் சட்டியின் அடிப்பாகம் போதும். ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, ஓட்டாஞ்சில்லு வைத்து மூடு. செம்மண்ணும் காவேரி மணலும் பாதிப் பாதி, கொஞ்சம் மக்கிய சாணி. நட்டதும் பதினைந்து நாள் நிழலில் வை, பிறகு வெயிலுக்குக் கொண்டுவா. அறைக்குள் மட்டும் வைத்துவிடாதே, ஆல் வீட்டுக்குள் வாழாது. மேல்மண் காய்ந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்.

துளிர் விட்ட பிறகு எழுது. கம்பி கட்டி வளைக்கிற வித்தையை அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்
ஜஹானாரா

786
திருச்சி
3-3-1963

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். உன் துஆவில் நலமே. பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. மச்சானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

கன்று பிழைத்துவிட்டது! நான்கு துளிர் விட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் சிவந்த மிளகாய் நுனி மாதிரி. பிரியாணிச் சட்டியின் அடியில்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு அதிசயம் கேள். செடிகொடியைத் திரும்பிப் பார்க்காத இவர், உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். (தபால் எல்லாம் கடைக்குத்தான் போகிறது, அவர் படித்துவிட்டுத்தான் கொண்டுவருவார்.) கன்றைப் பிடுங்கும்போது கூடவே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். கன்றோடு ஒரு கை சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று கொட்டியது. உள்ளே பார்த்தால், பெரிய கன்று ஒன்றின் வேர் கட்டைவிரல் தடிமனில் செங்கல்லுக்கு நடுவே இறங்கிப் போகிறது. இவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு சின்ன வேருக்கு இவ்வளவு பலமா?" என்றார். ராத்திரிச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. வேர் பெருக்க என்ன போட வேண்டும் என்று உன் அக்காவைக் கேள் என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் இதுதான்.

வஸ்ஸலாம்
வஹீதா

பினாங்கு
20-3-1963

அன்பு வஹீதாவுக்கு ஸலாம். நலம். உன் கடிதத்தை மச்சானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தம்பிக்கும் மரப் பைத்தியம் பிடித்துவிட்டதே என்று சிரித்தார்.

கம்பிக்கு ரேடியோக் கடையில் மெல்லிய செம்புக் கம்பி கேள். தண்டைச் சுற்றிச் சாய்வாகச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வளை. பட்டையைக் கடிக்கத் தொடங்கினால் உடனே அவிழ்த்துவிடு. இல்லாவிட்டால் தழும்பு போகாது.

தம்பி கேட்டதற்குப் பதில்: நம் மரம் சின்னதாக இருக்கவேண்டும், அதனால் தட்டில் இருப்பதைப் பட்டினி போடவேண்டும். பெருக்க வேண்டுமென்றால் நேர்மாறு. கடலைப் புண்ணாக்கை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை விட்டால் வேர் மதமதவென்று பெருக்கும். ஈரம் காட்டினால் போதும், ஆல வேர் தானே வழி கண்டுபிடித்துக்கொண்டு போகும், கல்லையும் பிளக்கும். தட்டில் வைத்த மரத்துக்கு அதெல்லாம் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்.

அன்புடன்
ஜஹானாரா

786
திருச்சி
16-6-1963

அக்காவுக்கு ஸலாம். நலம். நலம் அறிய ஆவல்.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. மரம் நன்றாக இருக்கிறது. கம்பியை அவிழ்த்துவிட்டேன். நீ சொன்ன மாதிரியே வளைந்து நிற்கிறது.

எங்கள் கட்டில் பீரோவையெல்லாம் மாடிப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றிவிட்டார். காற்று வரும் என்றார். வெயில் இந்த வருஷம் அதிகம். மலைக்கோட்டைப் பாறை ராத்திரியிலும் சூடு விடுகிறது.

போன வாரம் ஹாஜிரா மச்சியின் மூத்தவள் ஷரீபா, கீழே முற்றத்தில் நின்று என்னைப் பார்த்து, "சாச்சி, எங்க சோத்துல சுண்ணாம்பு விழுது" என்று சொன்னாள். அவர்கள் உள்கதவும் நிலையில் உரசி மூட முடியவில்லையாம். நான் பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். பேசக்கூடாதல்லவா.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தட்டில் இருக்கும் ஒரு சின்ன மரத்துக்கு, கோடையில், அதிகமாகப் போனால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும்? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

வஹீதா

பினாங்கு
1-7-1963

அன்பு வஹீதாவுக்கு ஸலாம். இங்கே நலம். நீ நலமா? உன் எழுத்து ஏன் இப்படிக் கோணியிருக்கிறது?

ஒரு டம்ளர், கொளுத்தும் வெயிலில் இரண்டு. யார் எவ்வளவு ஊற்றுகிறார்கள்?

மச்சானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். இங்கே எங்கள் தெருவில் ஆல் முளைத்த கிடங்குச் சுவர் ஒன்று மழையில் சாய்ந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். சோற்றில் சுண்ணாம்பு விழுவதும் கதவு நிலையில் பிடிப்பதும் நல்லதற்கு இல்லை, மழைக்கு முன் கன்றுகளை வெட்டி வேரைப் பொசுக்கி வெடிப்பை அடைக்கச் சொல் என்றார். தம்பியிடம் இதைக் காட்டு. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெண்கள் நம் பிள்ளைகள்.

உடனே பதில் போடு.

ஜஹானாரா

786
பெரிய கடை வீதி, திருச்சி
9-8-1963

மதிப்பிற்குரிய ஜஹானாரா மச்சி அவர்களுக்கு, அப்துல் சலாம் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் கனி அண்ணன் அவர்களும் சௌக்கியமென நம்புகிறேன்.

வஹீதாவுக்கு உடம்பு சற்று அசௌகரியம். ஆகையால் நானே எழுதுகிறேன். கவலைப்படும்படி ஒன்றுமில்லை. மரம் வெகு அழகாக இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் புகழ்கிறார்கள்.

சுவரைப் பற்றி அண்ணன் அவர்கள் கவலைப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். தீர்ப்பு வரும்வரை வீட்டில் எவரும் கொத்தன் கரண்டி வைக்கக்கூடாது என்பது கோர்ட் உத்தரவு. சட்டத்தை மீற எனக்கு மனமில்லை. அக்கறையுள்ளவர்கள் காலி செய்துகொண்டு போக யாரும் தடுக்கவில்லை.

ஈரம் காட்டினால் வேர் தானே வழி கண்டுபிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மிகவும் உபயோகமாயிருந்தது. இனி வஹீதாவுக்குச் சிரமம் வேண்டாம், மரம் வளர்ப்பில் சொல்லித்தர வேண்டியதையெல்லாம் சொல்லித் தந்துவிட்டீர்கள்.

இங்ஙனம்
மு. அப்துல் சலாம்

ஸ்ரீரங்கம்
22-9-1963

அக்கா, ஸலாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைத் தயிர்க்காரி செல்லக்கிளியிடம் கொடுத்து ஸ்ரீரங்கத்தில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். பதிலை அவள் பேருக்கே, மேலூர் ரோடு விலாசத்துக்கு எழுது. தயிர்ப் பானைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து தருவாள். கடைக்கு எழுதும் கடிதத்தில் மரத்தைப் பற்றிக்கூடக் கேட்காதே.

நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். ஏப்ரல் மாதமே மாடியில் ஒரு அண்டாவில் புண்ணாக்கு ஊறிக்கொண்டிருந்தது. என் மரத்துக்கு என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் துணி காயப்போடப் போனால், இவர் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு பின்சுவர் வெடிப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில் ஊற்றினார், அக்கா. அதன் பிறகு தினமும் குடம் குடமாகத் தண்ணீர். மொட்டைமாடி மழைத்தண்ணீர் போகிற தகரக் குழாயையும் கழற்றிவிட்டார். இப்போது பெய்கிற தண்ணீரெல்லாம் சுவருக்குள்தான் இறங்கும். கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்துவிட்டன. வெடிப்பில் என் கை போகிறது.

பொறுக்காமல் கேட்டேன். "கீழ பொம்பளப் பிள்ளைங்க தூங்குதுங்க. சுவர் விழுந்தா என்ன ஆகும்?"

கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "நான் எதையாவது இடிச்சேனா வஹீதா? மரத்துக்குத் தண்ணி ஊத்தறது குத்தமா?" என்றார். "போகச் சொல்லி எத்தனை தடவை சொல்லியாச்சு. பிடிவாதமா உக்காந்திருக்காங்க."

"நான் மச்சிகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. சொல்லிட்டு அப்படியே அவங்களோட போயிடு. உனக்கு அத்தா அம்மா வீடு எங்க இருக்குன்னு யோசிச்சுக்க."

அத்தாவும் அம்மாவும் இருந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். உன் கடிதங்களைக் கடைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். எதற்கென்று தெரியவில்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நான் என்ன செய்ய?

வஹீதா

பினாங்கு
1-10-1963

வஹீதா, என் கண்ணே, ஸலாம்.

என்ன செய்ய என்று கேட்காதே. இதைப் படித்து முடித்ததும் ஹாஜிரா மச்சியிடம் போய்ச் சொல். நடுக்கதவு அடைத்திருந்தால் தெருவைச் சுற்றிக்கொண்டு போ. உன் மாப்பிள்ளை உன்னை அனுப்பிவிட்டால் அனுப்பட்டும். மச்சான் சொல்கிறார், அவள் தனியாள் இல்லை, கப்பலுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்று. வீடு எங்கே என்று கேட்டானாமே, இதுதான் உன் வீடு.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ரொட்டி இறங்கவில்லை. என் மரத்துக்குத் தண்ணீர் விடக் கை போகவில்லை, மச்சான்தான் விடுகிறார்.

போ. முதலில் போ. பிறகு எழுது.

அக்கா

ஸ்ரீரங்கம்
3-11-1963

அக்காவுக்கு ஸலாம். உயிரோடு இருக்கிறோம். எல்லோரும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். ஹாஜிரா மச்சி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "உன் புருஷன் சொல்லி அனுப்பினானா?" என்றார்.

"இல்ல மச்சி, அல்லாஹ் மேல ஆணையா..."

"முதல்ல வக்கீல் நோட்டீஸ். அப்புறம் தண்ணிக் குழாய அடைச்சீங்க. இப்ப சுவர் விழும்னு பயமுறுத்த உன்னை அனுப்பியிருக்கான். நான் இந்த இடத்த விட்டு எழுந்திரிச்சா கேஸ் போச்சுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. போ புள்ளே, போய் அவன்கிட்டச் சொல்லு, ஹாஜிரா எழுந்திரிக்க மாட்டான்னு."

உண்மையைச் சொன்னாலும் அது அவருக்கு இவருடைய குரலாகத்தான் கேட்டது, அக்கா. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை கதவையே திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளி, சனி விடவில்லை. சனிக்கிழமை காலையில் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் பின்கட்டுப் பக்கமாக வயிறு மாதிரி உப்பியிருந்தது. இவர் கடைக்குப் போயிருந்தார். தலையணையை எடுத்துக்கொண்டு மழையிலேயே தெருவைச் சுற்றிப் போனேன். சின்னவள் கதவைத் திறந்தாள். நேரே போய் அந்தச் சுவருக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி இது?" என்றார் மச்சி.

"நீங்க எழுந்திரிக்கிறப்ப நானும் எழுந்திரிக்கிறேன். அதுவரைக்கும் இங்கதான்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை, அக்கா. மேலே ஓட்டின்மேல் காரை விழுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ரோஷன் பேகம் யாரோ சொல்லி வந்து வாசலில் நின்றார். மதியம் லுஹர் தொழுகை முடிந்து இவர் வீட்டுக்கு வந்து என்னைத் தேடியிருக்கிறார். குடையைக்கூட மடக்காமல் சந்துக்குள் ஓடிவந்தார். வாசற்படியைத் தாண்டி மட்டும் உள்ளே வரவில்லை.

"வஹீதா, வெளிய வா."

"எதுக்கு?"

"வான்னு சொல்றேன்ல."

"எதுக்குன்னு சொல்லுங்க. மச்சி வீட்டுல ஒரு நாள் இருந்தா என்ன ஆயிடும்?"

மேலே ஏதோ பிளந்த சத்தம் கேட்டது. அவர் முகம் வெளுத்துப்போய், "சுவர் விழப்போவுதுடி! இன்னும் கொஞ்ச நேரத்துல விழுந்துடும், வாடி வெளிய!" என்று கத்தினார்.

மிஷின் நின்றது. ஹாஜிரா மச்சி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். இரண்டு பெண்களையும் தலைமுடியோடு சேர்த்துப் பிடித்து வெளியே தள்ளினார், என் கையைப் பிடித்து இழுத்தார். சந்துமுனைக்கு வந்து நின்றோம். மாலை அஸருக்குப் பாங்கு சொல்லும்போது சுவர் இறங்கியது. ஒரேயடியாக இல்லை. முதலில் மெதுவாகச் சாய்ந்தது, பிறகு ஓடு, உத்தரம், மிஷின் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு படுத்துவிட்டது. வேர்களில் செங்கற்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

இவர் கூட்டத்தோடு நின்று, "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நால்வரும் செல்லக்கிளியோடு பாலம் தாண்டி வந்துவிட்டோம். அவள் சொந்தக்காரர் சின்னையன் தன் வீட்டின் பின்னறையை வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்.

வஹீதா

பினாங்கு
14-11-1963

வஹீதா, அல்ஹம்துலில்லாஹ். நீ சுவருக்கு அடியில் உட்கார்ந்ததைப் படித்துவிட்டு மச்சான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். உன்னை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

போதும், கிளம்பி வா. நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு ஆள் சொல்லியிருக்கிறோம்.

அக்கா

786
மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
8-12-1963

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். நாங்கள் நால்வரும் நலம். ஷரீபாவுக்கு மட்டும் தூக்கத்தில் அலறுகிற பழக்கம் வந்திருக்கிறது.

இப்போது கப்பல் ஏற முடியாது, அக்கா. காரணத்தைச் சொல்கிறேன்.

போன ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஜமாஅத்தில் விசாரித்தார்கள். இவர் உன் கடிதங்களை, மச்சான் எச்சரித்ததை மட்டும் விட்டுவிட்டு, கட்டாக எடுத்து வைத்தார். "சுவருல மரம் வளர்த்தது என் பொஞ்சாதி. எப்படி வேர் பெருக்கணும்னு அவ அக்கா பினாங்கிலேர்ந்து எழுதியிருக்காங்க, படிச்சுப் பாருங்க" என்றாராம். படித்திருக்கிறார்கள். புண்ணாக்குத் தண்ணீர், கல்லைப் பிளக்கும் வேர், எல்லாம் உன் கையெழுத்தில் என் பேருக்கு. அதற்காகத்தான் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ரோஷன் பேகம் எழுந்து, "அப்ப சுவர் விழப்போற நேரம் உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? படிக்கு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டுக் கத்துனீங்களே, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்று கேட்டார். அவர் கடிதங்களைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். ஜமாஅத்தார் முடிவு எதுவும் சொல்லவில்லை. குடும்ப விஷயம், பொறுமையாகப் பார்ப்போம் என்று கலைந்துவிட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்றேன். மானம் போகும், பெண்களுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று ஹாஜிரா மச்சி தயங்கினார்.

இன்று காலையில் சின்னையன் வந்தார். "உங்க வீட்டுக்காரரு நேத்து சாயந்தரம் வந்திருந்தாரும்மா. பிள்ளைங்களுக்குக் கொடுக்கச் சொல்லி மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்துட்டுப் போனாரு. ரொம்பத் தன்மையான மனுஷன்" என்றார்.

"என்ன கேட்டார்?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. வீடு கட்டி எத்தனை வருஷம் ஆச்சு, பின்னறைச் சுவர் செங்கல்லா மண்ணா, பொம்பளைங்க எந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கிறாங்கன்னு விசாரிச்சாரு. அக்கறைதான்."

சின்னவள் மிட்டாய்க்குக் கையை நீட்டினாள். ஹாஜிரா மச்சி பொட்டலத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, பிரிக்காமலே சாக்கடையில் எறிந்தார். கொஞ்சநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "எழுந்திரு வஹீதா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். மானத்த அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம். இந்த அறையில் அவர்களை விட்டுவிட்டுப் போக எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. மச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் கவரை ஒட்டவேண்டும்.

துஆ செய்.

வஹீதா